ஆட்டுப்பால் சீஸ் கடையில் முதல் நாள்: பிரான்ஸின் ஏ.ஓ.பி. ஷெவ்ர் வாங்கத் தொடங்குபவர்களுக்கு

பிரான்ஸில் ஒரு சீஸ் கடைக்குள் முதன்முறை நுழைபவருக்கு ஆட்டுப்பால் சீஸ் இருக்கும் பக்கம் பொம்மைக்கடை மாதிரித் தெரியும். உச்சி வெட்டிய கரும்பிரமிடு ஒன்று, சாம்பல் பூசிய தட்டையான வட்டு ஒன்று, நடுவே வைக்கோல் செருகிய உருளை ஒன்று, காய்ந்த இலையில் கட்டிய பொட்டலம் ஒன்று. ஒவ்வொன்றின் முன்னாலும் வாயில் நுழையாத ஊர்ப்பெயர். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும். பதற்றத்தில் கையைக் காட்டி எதையோ வாங்கி வந்து, வீட்டில் ஒரு துண்டு வாயில் போட்டு, 'ஐயோ, கிடா வாடை' என்று முகம் சுளித்து, அத்தோடு ஷெவ்ரே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஷெவ்ர் என்றால் பெண் வெள்ளாடு. அதன் பாலில் செய்த சீஸுக்கும் அதே பெயர்தான்.

அவர்கள் வாங்கிய சீஸில் ஒரு குறையும் இருந்திருக்காது. வயதைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து வாங்கியதுதான் சிக்கல். இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: தொடங்கும்போது ஐந்து பெயர்களை வாங்காதீர்கள். ஒரே பெயரை இரண்டு மூன்று வயதில் வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன்: தயிரை நினைத்துக்கொள்ளுங்கள்

வீட்டில் தயிர் தோய்க்கத் தெரிந்தவருக்கு இந்தச் சீஸில் பாதி ஏற்கெனவே தெரியும். பசும்பால் சீஸ்களில் பலவற்றுக்கு ரென்னெட் என்ற உறைபொருளைச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் பாலை உறைய வைத்துவிடுவார்கள். லுவார் ஆற்றுப் பகுதியின் ஆட்டுப்பால் சீஸ்களில் அந்த அவசரம் கிடையாது. பாலில் உறை ஊற்றி, ரென்னெட்டைச் சொட்டுக் கணக்கில் மட்டும் சேர்த்து, மிதமான சூட்டில் ஒரு நாள் அளவுக்கு அப்படியே விட்டுவிடுவார்கள். பல பண்ணைகளில் முந்தைய நாள் சீஸிலிருந்து வடிந்த தண்ணீர்தான் இன்றைய உறைமோர். பாலைக் கட்டியாக்குவது பெரும்பாலும் புளிப்புதான்.

உறைந்ததை அகப்பையால் உடையாமல் அள்ளி, சுற்றிலும் ஓட்டை போட்ட அச்சுகளில் நிரப்புவார்கள். மேலே பாரம் வைத்து அழுத்துவதில்லை. தன் எடையிலேயே தண்ணீர் வடிந்து அது உருவம் பிடிக்கும். அச்சிலிருந்து எடுத்து உப்புத் தூவி, காற்றோட்டமான அறையில் உலர்த்தி, குளிர்ந்த அறையில் அடுக்கி முதிர விடுவார்கள். மேலே மெல்லிய பூஞ்சை படர்ந்து தோல் பிடிக்கிறது. கொதித்து ஆறிய பாலின் மேல் ஏடு சுருங்குமே, அதே சுருக்கம் இந்தத் தோலிலும் இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் ருசி ஏன் மாறுகிறது என்பது விளங்கிவிடும். முதல் சில நாட்களில் அது துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர்தான்: வெள்ளை, ஈரம், புளிப்பு. நாள் போகப் போகத் தண்ணீர் வற்றும், உப்பு தூக்கலாகும், தோலில் இருக்கும் பூஞ்சை உள்ளே இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கத் தொடங்கும். புளிப்பு குறைந்து, கொட்டைப்பருப்பு ருசி வரும். அதையும் தாண்டினால் நாக்கில் சுருக்கென்று பிடிக்கும். நீங்கள் பயப்படும் அந்த 'ஆட்டு வாடை'யில் பெரும்பங்கு இந்த உடைந்த கொழுப்பிலிருந்து வருவது. அதற்குக் காரணமான மூன்று கொழுப்பு அமிலங்களின் பெயர்களே காப்ரோயிக், காப்ரிலிக், காப்ரிக். மூன்றும் ஆட்டைக் குறிக்கும் காப்ரா என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. பெயர் வைத்தவர்களுக்கும் அதே வாடைதான் அடித்திருக்கும் போல.

லேபிளைப் படிக்கும் முறை

முதலில் தேட வேண்டியது சிவப்பும் மஞ்சளுமான வட்ட முத்திரை. அதில் இருப்பது ஏ.ஓ.பி. என்ற மூன்று எழுத்து. கடையில் 'ஆ ஓ பே' என்று சொல்வார்கள். பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் என்று பொருள். நம் ஊர்ப் புவிசார் குறியீட்டுக்கு உறவுக்காரன்தான், ஆனால் கண்டிப்பு அதிகம். பால் கறப்பது, சீஸ் செய்வது, முதிர வைப்பது மூன்றும் வரையறுத்த பகுதிக்குள் நடக்க வேண்டும். எந்தத் தீனி எங்கிருந்து வர வேண்டும், அச்சின் அளவு என்ன, குறைந்தது எத்தனை நாள் முதிர வேண்டும் என்று ஒவ்வொரு சீஸுக்கும் தனி விதிப்புத்தகம் இருக்கிறது.

பழைய ஆட்கள் இன்னும் 'ஆ ஓ சே' என்பார்கள். அது பிரான்ஸின் பழைய முத்திரை. 1935-இல் மதுவுக்காகத் தொடங்கிய முறை பிறகு சீஸுக்கும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1992-இல் தன் முத்திரையைக் கொண்டுவந்தது. 2012-இலிருந்து, ஐரோப்பாவில் பதிவான சீஸ்களின் லேபிளில் ஏ.ஓ.பி. என்றுதான் போட வேண்டும். ஆட்டுப்பாலில் மட்டுமே செய்த, இந்த முத்திரை பெற்ற சீஸ்கள் பிரான்ஸில் 15 இருக்கின்றன. அவற்றில் முதலில் பதிவானது 1972-இல் பூலிஞி-சான்-பியேர்.

அடுத்தது பெயரை முழுசாகப் படிப்பது. ஏமாறுகிற இடமே இதுதான். 'சான்த்-மோர் த துரேன்' என்பது பாதுகாக்கப்பட்ட பெயர். வெறும் 'சான்த்-மோர்' அப்படியல்ல, அதை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டும் ஒரே மாதிரி நீள உருளை. சூப்பர் மார்க்கெட்டில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதே போல 'க்ரொத்தான்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது உருவத்தின் பெயர். 'க்ரொத்தான் த ஷாவிஞோல்' அல்லது 'ஷாவிஞோல்' என்று இருந்தால்தான் ஊர்ச் சரக்கு. 'பூஷ் த ஷெவ்ர்' என்று வெள்ளை வெளேர் என்று கிடைக்கும் உருளை வெறும் ஆட்டுப்பால் சீஸ்தான். பீட்சாவுக்கு நல்லது, மட்டமில்லை, ஆனால் அதற்கு ஊரும் பேரும் கிடையாது. 'மி-ஷெவ்ர்' என்று பார்த்தால் பாதி ஆட்டுப்பால், மீதி வேறு பால் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு சொற்கள். 'ஃபெர்மியே' என்றால் பண்ணைச் சீஸ்: தன் மந்தையின் பாலை அந்தப் பண்ணையிலேயே சீஸாக்கியது. 'லெத்தியே' என்றால் பல பண்ணைகளின் பாலைச் சேர்த்துப் பால்பண்ணைத் தொழிற்கூடத்தில் செய்தது. பூலிஞியில் இதற்கு லேபிள் நிறமே வேறு. பண்ணைக்குப் பச்சை, தொழிற்கூடத்துக்குச் சிவப்பு. பண்ணைதான் எப்போதும் ஒசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். பண்ணைச் சரக்கு வாரத்துக்கு வாரம் மாறும், அதுதான் அதன் அழகு. முதல் தடவை வாங்குபவருக்கு அது குழப்பமாகவும் இருக்கலாம்.

எனக்குப் பிடித்த வித்தை ஒன்று இருக்கிறது. உறையில் சின்னதாக ஒரு முட்டை வடிவ முத்திரை இருக்கும். அதில் பிரான்ஸைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்குக் கீழே எண்கள். முதல் இரண்டு எண்தான் மாவட்டம். 18 என்றால் ஷேர், 36 என்றால் ஆந்த்ர், 37 என்றால் ஆந்த்ர்-எ-லுவார், 46 என்றால் லோத், 26 என்றால் த்ரோம். சீஸ் கடைசியாகக் கைமாறிக் கட்டப்பட்ட இடம் எது என்று அது சொல்லும். படம் போட்ட அட்டையில் பசும்புல்லும் ஆடும் துள்ளிக்கொண்டிருக்க, முத்திரை எண் முந்நூறு மைல் தள்ளி ஒரு மாவட்டத்தைக் காட்டும்போது வரும் சந்தோஷமே தனி. பண்ணை வாசலிலேயே விற்கும் சிறு பண்ணைகளின் சீஸில் இந்த முத்திரை இல்லாமலும் இருக்கலாம். அதைச் சந்தேகப்பட வேண்டாம்.

ஷாவிஞோலில் தொடங்குங்கள்

எதில் தொடங்குவது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். சான்ஸேர் என்ற மது ஊருக்குப் பக்கத்தில், திராட்சைச் சரிவுகளுக்கு நடுவே அடங்கியிருக்கும் சின்னஞ்சிறு கிராமம் ஷாவிஞோல். அந்தப் பெயரில் வரும் சீஸ் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், காய்ந்த பிறகும் 60 கிராமுக்குக் குறையக் கூடாது. முத்திரை கிடைத்தது 1976-இல்.

அந்தப் பக்கம் ஆடு வளர்த்தது பெரும்பாலும் திராட்சைத் தோட்டக்காரர்களின் வீட்டுப் பெண்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி கொடிகளை அழித்தபோது, ஆடுதான் பல வீடுகளுக்குக் கஞ்சி ஊற்றியது. வெள்ளாட்டை 'ஏழையின் பசு' என்று நாம் சொல்வது போலவே பிரெஞ்சிலும் சொல்வார்கள், சொல்லுக்குச் சொல் அதேதான்.

க்ரொத்தான் என்ற பெயருக்கு இரண்டு கதை உண்டு. 'க்ரோ' என்ற சிறு மண் அகல்விளக்கை அச்சாகப் பயன்படுத்தினார்கள், அதனால் இந்தப் பெயர் என்பது ஒன்று. மற்றொன்றைக் கடைக்காரர் சொல்லும்போது கண்ணடிப்பார்: பிரெஞ்சில் க்ரொத்தான் என்றால் குதிரைச் சாணி. நன்றாகக் காய்ந்து கறுத்த ஒன்றைப் பார்த்தால் இரண்டாவது கதையை நம்பத்தான் தோன்றும்.

நான் ஏன் இதில் தொடங்கச் சொல்கிறேன் என்றால், வயதுவாரியாகப் பிரித்து விற்கும் வழக்கம் இந்தச் சீஸில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. மூன்று வாங்குங்கள்.

முதலாவது 'மி-செக்', அதாவது அரைக்காய்ச்சல். குறைந்தபட்ச முதிர்வான 10 நாளைத் தாண்டியது, இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் தந்த நிறத்தில் மெல்லியதாக இருக்கும். கத்தி வைத்தால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக, சற்றே ஈரமாகப் பிளக்கும். வாயில் முதலில் புளிப்பு, பின்னால் பால்.

இரண்டாவது 'ப்ளூத்தே'. தோலில் நீலப் பூஞ்சை ஆங்காங்கே பூத்திருக்கும். கெட்டுப்போனது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். அதற்காகத்தான் காசு கொடுக்கிறீர்கள். தோலுக்கு அடியில் ஒரு விரற்கீற்று அகலத்துக்குப் பளபளவென்று இளகியிருக்கும், நடு இன்னும் வெள்ளையாக இருக்கும். காளான் வாசமும் ஹேசல்நட் ருசியும் இங்கேதான் வருகின்றன. ஒன்றே ஒன்று வாங்கக் காசிருந்தால் இதை வாங்குங்கள்.

மூன்றாவது 'செக்'. ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சுருங்கி, கெட்டியாகி, உடைத்தால் நொறுங்கும். உப்பும் காரமும் தூக்கல். நகக்கண் அளவுத் துண்டு போதும். இதற்கும் அப்பால் 'ரெப்பாஸே' என்று ஒன்று இருக்கிறது. காய்ந்த சீஸைப் பீங்கான் சாடியில் மூடி வைத்து மறுபடி இளக விடுவது. முதல் மாதத்தில் அதன் பக்கம் போக வேண்டாம். நம் ஊர்க் கருவாட்டுக்கு அஞ்சாதவர்கள் போகலாம்.

மூன்றையும் ஒரே தட்டில் வைத்து இளசிலிருந்து முற்றலுக்குச் சாப்பிட்டுப் பாருங்கள். உங்கள் நாக்கு எந்த வயதில் நின்றுகொள்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இனி எந்தப் பெயரைக் கண்டாலும் அந்த வயதைக் கேட்டு வாங்கினால் போதும்.

அடுத்த நான்கு வாரத்துக்கு நான்கு உருவங்கள்

சான்த்-மோர் த துரேன் நீள உருளை, 250 கிராம். நடுவில் நீளவாக்கில் ரை என்ற தானியத்தின் வைக்கோல் ஒன்று. இந்த வைக்கோல் அலங்காரமில்லை. மென்மையான உருளை ஒடியாமல் தாங்கும், உள்ளே கொஞ்சம் காற்றும் போகும். இன்னொரு பயனும் உண்டு: உறையைப் பிரித்ததும் வைக்கோலை மெல்ல உருவி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் சீஸின் பெயரும் செய்தவரின் எண்ணும் பொறித்திருக்கும். முத்திரைச் சரக்கா இல்லையா என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உருளைக்கு மேலே கரித்தூளும் உப்பும் கலந்த சாம்பல் பூச்சு. சாம்பல் மேற்பரப்பின் புளிப்பைத் தணித்து நல்ல பூஞ்சை படர வழி செய்யும். சாம்பலோடுதான் சாப்பிட வேண்டும்.

துரேன் பக்கத்தில் ஆடு வளர்ப்பை 8-ஆம் நூற்றாண்டில் அரபுப் படையோடு வந்தவர்கள் விட்டுச் சென்றதாக ஒரு கதை சொல்வார்கள். 732-இல் புவாத்தியே போர், தோற்ற படை திரும்பிப் போனது, பெண்களும் ஆடுகளும் தங்கிவிட்டன என்று போகும். பக்கத்துச் சீஸான ஷபிஷூ து புவாத்துவின் பெயரைக்கூட ஆட்டைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு முடிச்சுப் போடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வலான்சே, உச்சி வெட்டிய பிரமிடு. எகிப்தில் தோற்றுத் திரும்பிய நெப்போலியன், தன் வெளியுறவு அமைச்சர் தாலேராந்தின் வலான்சே மாளிகையில் இந்தச் சீஸைக் கண்டு கோபத்தில் வாளால் உச்சியைச் சீவினான் என்பது எல்லாக் கடைக்காரரும் சொல்லும் கதை. இதுவும் கதைதான். சாம்பல் நிறத் தோல், உள்ளே வழவழப்பு. முத்திரை 1998-இல் வந்தது, பிறகு அதே ஊர்ப் பெயரில் மதுவுக்கும் முத்திரை கிடைத்தது. அதே ஆந்த்ர் மாவட்டத்தின் இன்னொரு பிரமிடு பூலிஞி-சான்-பியேர். இது ஒல்லி, உயரம், சாம்பல் கிடையாது. உள்ளூரில் 'ஈஃபெல் கோபுரம்' என்று செல்லப்பெயர். இரண்டையும் குழப்பிக்கொண்டால் உச்சியைப் பாருங்கள்: அகலமாக வெட்டியிருந்தால் வலான்சே, கூம்பிப் போனால் பூலிஞி.

செல்-சுர்-ஷேர் தட்டையான வட்டு, 150 கிராம் அளவு, கரும்சாம்பல் பூச்சு. வெட்டினால் கறுப்புக் கோட்டுக்குள் தூய வெள்ளை. ஆடு தீனியில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுவதால் அதன் பாலில் பசும்பாலின் மஞ்சள் இராது. அந்த வெள்ளையைப் பார்க்க இதைவிட நல்ல சீஸ் இல்லை. தோலைச் சீவிவிட்டுச் சாப்பிடுபவரை அந்த ஊர்க்காரர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

தெற்கே போனால் உருவம் சின்னதாகிறது, ருசி வேறாகிறது. ரொக்கமதூர் 35 கிராம் வில்லை, விதிப்படி 6 நாளிலேயே கடைக்கு வரலாம், தோலுக்குள் கிட்டத்தட்டக் குழம்பாக இருக்கும். ஆட்டுச் சீஸ் பிடிக்காது என்பவரை மாற்ற இதைத்தான் நான் நம்புவேன், மேலே இரண்டு சொட்டுத் தேன் விட்டு. த்ரோம், ஆர்தேஷ் பக்கத்துப் பிக்கொதோனுக்குப் பெயரிலேயே காரம் இருக்கிறது. செவென் மலைப் பக்கம் பெலார்தோன். ப்ரோவான்ஸில் பனோன்: மற்றவை போலப் புளிப்பில் உறைவதில்லை, ரென்னெட்டால் விரைவாக உறைய வைத்து, பழுப்பான கஷ்கொட்டை இலைகளில் சுற்றி ராஃபியா நாரால் கட்டுவார்கள். வாழைமட்டை நாரில் கட்டிய பொட்டலம் ஞாபகம் வரும். இலையைத் தின்னாதீர்கள். முதிர்ந்திருந்தால் பிரித்துக் கரண்டியால் அள்ள வேண்டியதுதான்.

கடையில் பேசுவது

சூப்பர் மார்க்கெட்டில் பேச வேண்டியதில்லை, அதனால்தான் வயதும் தெரிவதில்லை. வாரச்சந்தைக்கோ சீஸ் கடைக்கோ போங்கள். உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்கள். சொல்லாமல் நேரே விலை கேட்டால் மிச்ச உரையாடல் எல்லாம் குளிர்ந்து போய்விடும். பிறகு பெயர், அதன் பின்னால் வயது: இளசு வேண்டுமென்றால் 'ஃப்ரே', இளகியது 'க்ரெமே', அரைக்காய்ச்சல் 'தெமி-செக்', காய்ந்தது 'செக்'. ஆட்டுச் சீஸை முழுசாக, எண்ணிக்கைக்குத்தான் விற்பார்கள். நூறு கிராம் வெட்டிக் கொடு என்று வலான்சேயைக் கேட்க முடியாது.

நல்ல கடைக்காரர் உங்களைத் திருப்பி ஒன்று கேட்பார்: 'இன்றிரவுக்கா, இரண்டு நாள் கழித்தா?' அப்படிக் கேட்டால் அந்தக் கடையை விடாதீர்கள். பதிலுக்கு ஏற்றபடி பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக விரல் நுனியால் அழுத்திப் பார்த்து எடுப்பார். நீங்கள் அழுத்திப் பார்க்காதீர்கள்.

பருவத்தைக் கவனியுங்கள். ஆடுகள் இயல்பாகக் குளிர் முடிகிற நேரத்தில் குட்டி போட்டு, இலையுதிர்காலம் முடியும் வரை பால் தரும், பிறகு வற்றிவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சீஸ் நன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சில மந்தைகளில் குட்டி போடும் காலத்தை மாற்றி வைப்பதால் டிசம்பரிலும் கிடைக்கும். கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டும் என்றில்லை. குளிர்காலத்தில் நான் காய்ந்ததை மட்டும் வாங்குவேன், அது இலையுதிர்காலத்துப் பால்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று ரென்னெட். இது பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. எவ்வளவு குறைவாகச் சேர்த்தாலும் சேர்த்ததுதான். கண்டிப்பான சைவமானாலும் ஹலால் பார்ப்பவரானாலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். மற்றொன்று காய்ச்சாத பால். இந்தச் சீஸ்கள் பெரும்பாலும் 'லே க்ரூ', பச்சைப்பால். கர்ப்பிணிகள், 5 வயதுக்குக் கீழான குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இவற்றைத் தவிர்க்கச் சொல்லி பிரெஞ்சு சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. பசும்பால் ஒவ்வாமை உள்ளவர்கள், 'இது ஆட்டுப்பால்தானே' என்று மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். இரண்டு பாலின் புரதமும் நெருங்கிய உறவு.

வீட்டுக்கு வந்த பிறகு

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதன்முதலில் வாங்கிய செல்-சுர்-ஷேரை, ஃப்ரிட்ஜ் நாறக் கூடாது என்று காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, ஒரு வாரம் மறந்துவிட்டேன். திறந்தபோது மூக்கில் ஏறியது சுத்தமான அம்மோனியா. தோல் வழுவழுவென்று நனைந்து, கையோடு வந்தது. சீஸ் மூச்சு விட வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கடைக்காரர் சுற்றிக் கொடுத்த காகிதத்திலேயே வைத்து, ஃப்ரிட்ஜின் காய்கறி அறையில் வையுங்கள். ஃப்ரிட்ஜிலேயே குளிர் குறைந்த இடம் பெரும்பாலும் அதுதான். வாசம் தொந்தரவு என்றால் காகிதத்தோடு டப்பாவில் வைத்து மூடியைச் சற்றுத் திறந்து விடுங்கள். லேசான அம்மோனியா வாடை என்றால் காகிதத்தைப் பிரித்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள், பல நேரம் போய்விடும். போகவில்லை, நாக்கிலும் எரிகிறது என்றால் குப்பைதான். நீலம், சாம்பல், வெள்ளைப் பூஞ்சை வழக்கமானவை. இளஞ்சிவப்புப் பிசுபிசுப்பு கண்டால் யோசிக்காமல் எறியுங்கள்.

சாப்பிடுவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, இல்லை, எடுத்த குளிரோடு சாப்பிட்டால் உப்பு மட்டும்தான் தெரியும்.

வெட்டும்போது ஒரே விதி: ஒவ்வொரு துண்டிலும் தோலும் நடுவும் இருக்க வேண்டும். வட்டுகளைக் கேக் மாதிரி முக்கோணமாக வெட்டுங்கள். பிரமிடை உச்சியிலிருந்து அடிவரை கீழ்நோக்கி. உருளையை வைக்கோல் உருவிய பிறகு வில்லை வில்லையாக. விருந்தாளியாகப் போன இடத்தில் பிரமிடின் உச்சியை மட்டும் சீவி எடுத்துக்கொள்வது, பொதுக்குழம்பில் கறித்துண்டை மட்டும் பொறுக்குவதற்குச் சமம்.

கூட வைத்துக்கொள்ள நல்ல ரொட்டி, வால்நட், அத்திப்பழம் போதும். குடிப்பவர்களுக்குச் சான்ஸேர் வெள்ளை மது பழைய ஜோடி, இரண்டும் ஒரே மண். குடிக்காதவர்கள் கலங்கலான ஆப்பிள் சாறை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் புளிப்பு இந்தப் புளிப்போடு சண்டை போடாது. காப்பி மட்டும் வேண்டாம்.

பச்சையாகச் சாப்பிட மனம் வராதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஷாவிஞோலைக் குறுக்கே இரண்டு வட்டாக அறுத்து, ரொட்டித் துண்டின் மேல் வெட்டிய பக்கம் கீழே இருக்க வைத்து, சூடான அவனில் ஓரம் இளகி மேல் லேசாகப் பொன்னிறமாகும் வரை விடுங்கள். சாலட் இலை, வால்நட், கொஞ்சம் எண்ணெயும் வினிகரும். 'ஷெவ்ர் ஷோ' என்று பிரான்ஸ் முழுக்க மதியச் சாப்பாட்டில் கிடைப்பது இதுதான். இதற்கு அரைக்காய்ச்சல்தான் சரி. இளசு ஓடிவிடும், காய்ந்தது இளகாது.

அப்புறம், எப்படியும் ஒரு நாள் காய்கறி அறையின் மூலையில், கேரட்டுக்குப் பின்னால், மறந்துபோன ஒரு ஷாவிஞோல் கல்லாகிக் கிடக்கும். கத்தி இறங்காது. அதை எறிய வேண்டாம். தேங்காய்த் துருவலுக்கு அல்ல, ஜாதிக்காய்க்கு வைத்திருக்கும் பொடித் துருவியை எடுத்து, சூடான பூசணி சூப்பின் மேல் இரண்டு இழுப்பு இழுத்துவிடுங்கள்.